கதவு பூட்டியிருந்தது

டிசம்பர் இருபத்து மூன்று.
கீழே கோரிமேட்டில் நல்ல வெயிலாம்.
சொல்லிக்கொண்டே மூன்று பைகளை
பஸ்ஸிலிருந்து தள்ளிவிட்டார் கண்டக்டர்.
மற்ற நாளில் ஒன்று, அதுவும் அரைப்பை.
மலைப்பாதையில் சுற்றுலா வண்டிகள்
ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு நின்றதில்
பத்து மணித் தபாலுக்குப் பன்னிரண்டேகால் ஆகிவிட்டது.
அந்த இரண்டேகால் மணியை
யாரும் என் கணக்கில் திருப்பி எழுதப்போவதில்லை.

அறுபத்தோரு பார்சல்.
சேலை, செருப்பு, ஒரு மிக்சி ஜாடி,
பெங்களூரிலிருந்து வந்த கேக்:
பெட்டி மூலையில் நெய் கசிந்து
பையெல்லாம் முந்திரி வாசம்.
எறும்புகள் எனக்கு முன்பே
முகவரியைக் கண்டுபிடித்துவிட்டன.

வண்டி ஏறாத இடத்தில் நடை.
காப்பிப் பழம் சிவந்து கிடக்கிறது,
ஊரே பறிக்கப் போயிருக்கிறது.
"ஓடிபி சொல்லுங்க அண்ணி" என்றால்
சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும்:
"போன் மச்சான்கிட்ட. மச்சான் மேட்டுக்காட்டுல."
மேட்டுக்காட்டுக்கு ஏறினேன்.
மச்சானிடம் போன் இருந்தது.
சார்ஜ் இல்லை.

உதவித்தொகை வாங்க விரல் வைத்தாள் ராமி.
மறுத்தது கருவி.
துடைத்து வைத்தாள். ஊதி வைத்தாள்.
கிளை உருவி உருவி
ரேகையைச் செடியிலேயே விட்டு வந்த விரல்கள்.
ஆறாவது முறை சுண்டுவிரலை ஒத்துக்கொண்டது.
"பொங்கலுக்கு இந்த ஒண்ணு போதும்" என்று
அதை மட்டும் நீட்டிக் காட்டிச் சிரித்தாள்.
நான் மணி பார்த்தேன்.
சிரித்திருக்கலாம்.

கேக்குக்குரிய லூர்துமேரி டீச்சர்
எறும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"போன வருஷமும் இப்படித்தான்."
கதவு சாத்தியது.
படி இறங்கும் முன் மறுபடி திறந்து
ஒரு கைப்பிடி கல்கல், நோட்டுத் தாளில் பொட்டலமாய்.
முகம் மட்டும் இன்னும் சாத்தியே இருந்தது.

செம்மநத்தம் பாதையில் காட்டெருமை.
இன்ஜினை அணைத்தேன்.
பனி அதன் முதுகில் உட்கார்ந்து எழுந்து போனது.
ஹார்ன் அடிக்கக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது.
பதினோரு நிமிஷம்.
இன்று நான் சும்மா நின்றது அங்கே மட்டும்தான்.
அது நகர்ந்தபோது
இன்னும் கொஞ்சம் நின்றால் என்ன என்றிருந்தது.

இருட்டியபின் பைக்குள் கைவிட்டால்
கடைசியாய் ஒன்று:
க. பூங்காவனம், மாரியம்மன் கோயில் பின்புறம், கொட்டச்சேடு.
நான்தான்.
திருப்பூரிலிருந்து அவர் போட்டது.
ஓடிபி போவது அவர் போனுக்கு,
அந்தப் போனைக் கம்பெனி வாசலில் வாங்கி
ராத்திரி பத்து வரை பூட்டிவைப்பார்கள்.
நேற்றும் இதே கதை.

காரணம் என்ன என்கிறது திரை.
பெறுபவர் இல்லை: இருக்கிறேனே.
வாங்க மறுத்தார்: அய்யோ, இல்லை.
முகவரி தவறு: ஒன்பது வருஷமாய் அதே வீடு.
கதவு பூட்டியிருந்தது.
காலை ஆறரைக்கு நானே பூட்டியது.
அதைத் தொட்டேன்.

மூன்றாம் நாளும் தவறினால் அனுப்பியவருக்கே போய்விடும்.
காதருகே வைத்து ஆட்டினேன்.
துணி மாதிரி. துணிக்குள் வேறென்னவோ கிணுங்கியது.
ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு வந்ததும் போன்.
"பெண்டிங் எத்தனைம்மா?"
ஏற்காட்டில் அவர் கேட்க, சேலத்தில் அவரை ஒருவர் கேட்க,
எத்தனை வளைவு ஏறினாலும்
அந்தச் சொல்லுக்கு மட்டும் மூச்சு வாங்குவதில்லை.
"ஒன்பது சார்."
"ஒன்பதா?"
"எட்டுக்கு ஓடிபி வரல. ஒண்ணு, வீட்டுல ஆள் இல்ல சார்."
"நாளைக்கு எப்படியாவது ஆளைப் பிடிச்சுடு."
"சரிங்க சார்."

வாசலில் சாவிக்காகப் பையைக் கவிழ்த்தேன்.
விழுந்தது,
கல்கல் தூள் ஒட்டிக்கொண்டு.